பிரின்ஸ் மெகாஹிட்: முப்பது வருடம் கழித்து ஒரு மறு ஆட்டம்

பழைய டாஸ் கணினியில், கட்டளை அடிக்கும் சி ப்ராம்ப்ட்டில் ‘பிரின்ஸ்’ என்று அடித்து, ஓர் இடம் விட்டு ‘மெகாஹிட்’ என்று அடித்து என்டர் தட்டினால் ஆட்டம் வரும். ஆட்டத்தின் பெயரே ‘பிரின்ஸ் மெகாஹிட்’ என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 1995 கோடை விடுமுறை, தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கேசட் கடை வாசலில் எந்த அட்டையைப் பார்த்தாலும் ‘மெகா ஹிட்ஸ்’ என்று போட்டிருந்த காலம். கம்ப்யூட்டர் ஆட்டம் ஒன்றுக்கும் அப்படிப் பெயர் இருந்ததில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. திரையில் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்று வருமே என்றால், வரும்தான். அது பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர் மாதிரி, கூப்பிடுகிற பெயர் இது என்று விட்டுவிட்டோம்.

அந்த ஆட்டத்தை முடித்தவன் நான் என்று கல்லூரி விடுதியில் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன், கடைசியில் மகளிடமும் சொன்னேன். அவள் சும்மா விடவில்லை. “காட்டுங்க அப்பா” என்றாள். நான்கு நிமிடத்தில் மூன்று முறை செத்தேன். ஒரு முறை முள்ளில், ஒரு முறை கத்தி இல்லாமல் காவலாளி முன்னால் போய் நின்று, ஒரு முறை வெறுமனே விழுந்து. “நிஜமாவே முடிச்சீங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஏறக்குறைய ஒரு மாதம் மாலை நேரங்களை இந்த ஆட்டத்தோடு கழித்தேன். அதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம்

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஏறக்குறைய தனியாளாக ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய ஆட்டம் இது. ப்ரோடர்பண்ட் நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. நாங்கள் ஆடிய டாஸ் பதிப்பு 1990-இல் வந்தது. சுல்தான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறைவைக்கிறான். ஒரு மணி நேரத்துக்குள் அவனை மணக்க அவள் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் சாவு. நிலவறையில் கிடக்கும் நம் ஆள் 12 தளங்களைத் தாண்டி அவளிடம் போய்ச் சேர வேண்டும். மணல்கடிகையில் 60 நிமிடம். அது நிஜமான 60 நிமிடம், ஆட்டக் கணக்கு இல்லை.

கதையில் ஒன்றும் இல்லை. அம்புலிமாமா பக்கம் ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஆள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்டங்களில் மனிதர்கள் பொம்மை நகர்வது போல நகர்வார்கள். இவன் மட்டும் மூச்சு வாங்குகிறவன் போல ஓடுவான், விளிம்பைப் பிடித்துத் தொங்குவான், உடம்பை மேலே இழுத்து ஏறுவான். மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடச் சொல்லி, குதிக்கச் சொல்லி வீடியோ எடுத்தார். பிறகு டிவி திரையில் காட்சியை ஒவ்வொன்றாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, படங்களைக் கழுவி, மார்க்கரும் வெள்ளை மையும் கொண்டு உருவத்தின் ஓரங்களைத் தெளிவாக்கி, அதைக் கணினிக்குள் ஏற்றினார். வாள்சண்டை வேறு வழியில் வந்தது. 1938-ஆம் ஆண்டு ராபின் ஹூட் படத்தில் எரால் ஃப்ளினும் பேசில் ராத்போனும் மோதும் கடைசிச் சண்டையைத்தான் அவர் அசைவு அசைவாகப் பிரித்துப் பார்த்தார். இசை அவருடைய அப்பா போட்டது. ஒரு குடும்பமே சேர்ந்து செய்த அப்பளம் மாதிரி.

இந்த விவரங்கள் எதுவும் 1995-இல் எங்களுக்குத் தெரியாது. மூலநிரல் இருந்த வட்டுகளே தொலைந்துபோய், 2012-இல்தான் அந்த அப்பா ஒரு பெட்டிக்குள் கண்டெடுத்தார். பழைய வட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவிக்கு வந்தார்கள். அந்த வருடமே நிரல் இணையத்தில் பொதுவுக்கு வந்துவிட்டது.

பழைய தீர்ப்பு

மறுபடி ஆட உட்காருவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். ஆட்டத்தைப் பற்றி என் மனதில் இருந்த அபிப்பிராயத்தை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்தேன். ஆடிவிட்டு எழுதினால் ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனசு மாற்றிச் சொல்லிவிடும்.

தாளில் இருந்தது இது. பார்க்க அழகான ஆட்டம். ஆனால் ஆள் சொன்ன பேச்சு கேட்க மாட்டான். பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிப்பான். மருந்துக் குப்பிகள் ஏமாற்று வேலை, சிலது உயிர் கொடுக்கும், சிலது எடுக்கும், எது எதுவென்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. மற்றபடி சுலபமான ஆட்டம். அரை மணி நேரத்தில் முடிக்கலாம்.

அரை மணி நேரம் என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது உறைக்கவில்லை.

முதல் சுற்று

டாஸ் பதிப்பை அப்படியே பிரித்துப் பார்த்து, இன்றைய கணினிகளில் ஓடும்படி ஆர்வலர்கள் திருப்பி எழுதிய எஸ்டிஎல்-பாப் என்ற வடிவம் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்தினேன். அதில் மூலத்தில் இல்லாத ஒரு வசதி உண்டு. எஃப்-6 அழுத்தினால் அந்தக் கணத்தை அப்படியே சேமிக்கும். எஃப்-9 அழுத்தினால் அங்கேயே திரும்பிப் போகலாம். வேலைக்குப் போகிற ஆள், வயசு நாற்பதைத் தாண்டியாச்சு, இந்த வசதி இல்லாமல் எப்படி என்று தயங்காமல் எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாலைகளில் முடித்தேன். கடிகையில் 24 நிமிடம் மிச்சம். பெருமைப்பட வேண்டிய கணக்கு. ஆனால் முடித்த இரவு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மின்கட்டணம் கட்டி ரசீது வாங்கியது போல இருந்தது.

ஏன் என்று யோசித்தபோது பிடிபட்டது. இந்த ஆட்டத்தில் உயிருக்குக் கணக்கே இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம், தளத்தின் ஆரம்பத்திலிருந்து மறுபடி வரலாம். ஆனால் கடிகாரம் திரும்பாது. செத்த நேரம் செத்ததுதான். சாவின் விலையை மெக்னர் உயிரில் வைக்கவில்லை, நிமிடத்தில் வைத்திருக்கிறார். எஃப்-9 அழுத்தினால் ஒரு நிமிடம் வரை அபராதமாகக் கழிக்கும் அமைப்பு எஸ்டிஎல்-பாப்பில் உண்டு, அதையும் நான் அணைத்து வைத்திருந்தேன். அப்போது எஃப்-9 ஆளை மட்டுமில்லாமல் கடிகாரத்தையும் பின்னால் இழுத்துவிடுகிறது. நாலாம் தளத்தில் மட்டும் ஐம்பது தடவைக்கு மேல் செத்திருப்பேன், ஒரு நொடிகூடச் செலவாகவில்லை. விலையே இல்லாத இடத்தில் பேரம் பேசி என்ன செய்ய?

இரண்டாம் சுற்று

இந்த முறை எஃப் வரிசை விசைகளைத் தொடுவதில்லை என்று முடிவு. மூலத்தில் இருந்த கண்ட்ரோல்-ஜி சேமிப்பு மட்டும். அது மூன்றாம் தளத்திலிருந்துதான் வேலை செய்யும், தளத்தின் தொடக்கத்துக்குத்தான் கொண்டுவிடும், மிச்ச நேரத்தையும் சேர்த்தே எழுதிவைக்கும். கெட்ட நேரத்தைச் சேமித்தால் கெட்ட நேரமே திரும்பக் கிடைக்கும்.

முதல் முயற்சி ஐந்தாம் தளத்தில் முடிந்தது. மணல் தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஆறாம் தளத்தில். ஐந்தாவது முயற்சி வாக்கில்தான் ‘சொன்ன பேச்சு கேட்காத’ ஆளைப் பற்றிய என் புகார் கலைய ஆரம்பித்தது.

ஆட்டம் நொடிக்கு 12 படங்கள் வீதம் ஓடுகிறது. ஓட ஆரம்பிக்கிறவன் சில படங்கள் கழித்துத்தான் முழு வேகத்துக்கு வருகிறான். ஓட்டத்தில் இருக்கிறவனை நில் என்றால் சறுக்கித்தான் நிற்பான். ஆரம்பித்த அசைவை முடிக்காமல் அடுத்த அசைவுக்குப் போக மாட்டான், ஏனென்றால் அவன்தான் மெக்னரின் தம்பி டேவிட். நிஜமான ஒரு பையன் வாகன நிறுத்துமிடத்தில் ஓடியபோது அவன் உடம்பு எடுத்துக்கொண்ட நேரம் அப்படியே உள்ளே இருக்கிறது. மரியோவை நடுவானத்தில் திருப்பலாம். இவனைத் திருப்ப முடியாது. குதித்தால் குதித்ததுதான். அப்படியானால் விரல் வேகம் இங்கே உதவாது, முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு திரையும் குறுக்கே பத்துக் கட்டம், நெடுக்கே மூன்று கட்டம். தாயக்கட்டம் மாதிரி. அந்தக் கோடுகளை மனசுக்குள் போட்டுவிட்டால் ஆட்டமே வேறு. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறி அழுத்தினால் அடிமேல் அடி வைத்து விளிம்பு வரை வந்து நிற்பான். அங்கிருந்து திரும்பி, ஓடுவதற்குத் தேவையான கட்டம் பின்னால் போய், திரும்பி ஓடிக் குதிக்க வேண்டும். ஒரு மாடி விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடி விழுந்தால், திரையின் அடியில் உடல்பலத்தைக் காட்டும் முக்கோணங்களில் ஒன்று போகும், மூன்று மாடி என்றால் கதை முடிந்தது. எல்லாம் கணக்கு. முள்ளின் மேல்கூட மெதுவாக நடந்தால் நடந்துவிடலாம், ஓடினால்தான் குத்தும். சிறுவயதில் நாங்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நாலாம் தளத்துக்கு வருகிறேன். வெளியேறும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தால், வந்த வழியில் ஒரு கண்ணாடி நிற்கிறது. சுற்றிப் போக வழி இல்லை. ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். பாய்ந்தால் அந்தப் பக்கமாக நம் நிழல் துள்ளி ஓடுகிறது, நமக்கோ ஒரே ஒரு முக்கோணம்தான் மிஞ்சுகிறது. அந்த நிழல்மனிதன் பிறந்த கதை சுவையானது. ஆப்பிள் 2-இல் நினைவகம் தீர்ந்துபோயிருந்தது, எதிரி என்று ஒருவனைப் புதிதாக வரைய இடமில்லை. உடன் இருந்த டோமி பியர்ஸ் சண்டை வேண்டும், சண்டை வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நாயகனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி, அதன் மேலேயே வைத்து, ஒன்றின் மேல் ஒன்று விழும் புள்ளிகளை அழித்துவிடும் எக்ஸ்-ஆர் கணக்குப் போட்டால் பளபளக்கும் ஓர் ஆவி உருவம் வரும் என்று கண்டுகொண்டார்கள். காசில்லாத வீட்டில் பழைய புடவையில் பாவாடை தைத்த மாதிரி. காவலாளிகள் அதற்குப் பின்னால்தான், இன்னும் கொஞ்சம் இடம் தேடிப் பிடித்த பிறகு வந்தார்கள்.

தஞ்சாவூரில் எங்களில் ஒருவன் அந்தக் கண்ணாடி வரை ஒருமுறை போனான். நிழல் ஓடியதைப் பார்த்து, மானிட்டர் ரிப்பேர் என்று நினைத்து, சென்டர் நடத்திய அண்ணாவைக் கூப்பிட்டோம்.

மருந்துக் குப்பி விஷயம் இரண்டாம் தளத்திலேயே தீர்ந்துவிட்டது. குப்பியில் வரும் குமிழிக்கு நிறம் இருக்கிறது. சிவப்பு நல்லது, நீலம் விஷம், பச்சை விசித்திரம். ஒன்று பஞ்சு போல மிதந்து இறங்க வைக்கும், இன்னொன்று திரையையே தலைகீழாக்கும். இவ்வளவு வெளிப்படையாக இருப்பதை ‘கண்டுபிடிக்க வழியே கிடையாது’ என்று முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யோசித்து, கணினித் திரையின் நிறச்செறிவைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல். எங்கள் சென்டரில் இருந்தது கறுப்பு வெள்ளை மானிட்டர்.

ஆக, ஆட்டத்தின் மேல் நான் போட்டிருந்த குற்றப்பத்திரிகையில் ஒன்று கம்ப்யூட்டரின் பிழை, ஒன்று என் அவசரம். அதற்காக எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கோட்டை முழுவதும் நிலவறை, அரண்மனை என்று இரண்டே வகைச் சுவர்கள், பின்பாதியில் கண் சலித்துப்போகிறது. வாள்சண்டை, தடுத்து உடனே குத்து என்ற தாளம் பிடிபட்டதும் பயம் போய்விடுகிறது. விதிவிலக்கு மூன்றாம் தளத்து எலும்புக்கூடு. எத்தனை குத்தினாலும் சாகாது, விளிம்பு வரை தள்ளிக்கொண்டே போய் விழவைக்க வேண்டும். இளவரசிக்கோ, அழகாகப் படுத்துக் காத்திருப்பதைத் தவிர ஆட்டம் முழுக்க ஏறக்குறைய வேலையே இல்லை.

பதினோராவது முயற்சியில் பன்னிரண்டாம் தளம் வந்தேன், ஏழு நிமிடம் இருந்தது. நிழல் எதிரே வாளோடு நின்றது. அதைக் குத்தினால் நம் முக்கோணம் குறைகிறது. கொன்றால் நாமும் சாகிறோம். முதல் சுற்றில் எஃப்-9 புண்ணியத்தில் இதைத் தட்டித் தடவித் தெரிந்துகொண்டேன், அதனால் அப்போது உறைக்கவில்லை. இப்போது மணல் இறங்கிக்கொண்டிருக்கும்போது, கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில் போட்டேன். அதுவும் போட்டது. நடந்து போனேன், இரண்டும் ஒன்றாயின. அப்புறம் எதிரே வெறும் வெளி. ஓடினால் காலுக்குக் கீழே தரை தானாக முளைக்கிறது. உள்ளங்கை வேர்த்தது. ஜாஃபர் விழுந்தபோது கடிகையில் மூன்று நிமிடம் சொச்சம்.

அந்த இரவு மின்கட்டண ரசீது நினைவு வரவில்லை.

மெகாஹிட்

ஆனால் எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. கண்ணாடி தவிர, நான்காம் தளத்துக்கு மேல் எந்த இடமும் எனக்குப் பரிச்சயமாக இல்லை. கடைசிக் காட்சி மட்டும் நன்றாக நினைவிருந்தது, இருவரும் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. எட்டாம் தளத்தில் ஒரு கதவுக்குள் மாட்டிக்கொண்டு வழியின்றி நிற்கும்போது, இளவரசி அனுப்பிய சுண்டெலி ஓடிவந்து பலகையை மிதித்துக் கதவைத் திறந்துவிடுகிறது. அணில் பாலம் கட்டிய ஊர்க்காரனுக்கு அது மறக்கிற காட்சியா? நான் பார்த்ததே இல்லை.

விஷயத்தை எப்போதோ தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ‘மெகாஹிட்’ என்பது பெயரில்லை, டாஸ் முதல் பதிப்பின் ஏமாற்றுச் சொல். அதைச் சேர்த்து அடித்துத் திறந்தால் ஷிப்ட்-எல் அடுத்த தளத்துக்குத் தாண்டிவிடும், கே எதிரில் நிற்பவனைக் கொல்லும், எலும்புக்கூடு தவிர. கே என்றால் ‘குத்து’ என்று எங்களுக்கு ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான். சாதாரணமாகத் திறந்தாலும் முதல் சில தளங்களை ஷிப்ட்-எல் போட்டுத் தாண்ட முடியும், ஆனால் அப்போது கடிகையில் பதினைந்து நிமிடம்தான் விடும், தண்டனை. எங்களுக்குத் தண்டனையே இல்லை. காசு கொடுத்துப் பெட்டியோடு வாங்கியவர்களை, முதல் தளம் முடிந்ததும் கையேட்டைப் புரட்டிச் சரியான எழுத்துள்ள குப்பியைக் குடிக்கச் சொல்லும் ஆட்டம் இது. நாங்கள் கையேட்டையும் பார்த்ததில்லை, அந்த அறையையும் பார்த்ததில்லை.

அப்படியானால் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் ‘இல்லை’.

அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்காமல், சென்டர் நடத்திய அண்ணாவின் எண்ணைப் பழைய நண்பன் ஒருவனிடம் வாங்கிப் பேசினேன். இப்போது திருச்சிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னை நினைவில்லை, ஆட்டம் நினைவிருந்தது.

“அது ஏமாத்துறதுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியாம என்ன தம்பி. ஃப்ளாப்பி மேல ஒட்டியிருந்த சீட்டுலயே எழுதியிருந்துச்சு.”

“அப்புறம் ஏன் எங்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆளுக்கு அரை மணி நேரம்தானேப்பா குடுத்தேன். ஆட்டமே ஒரு மணி நேரம். எவன் முடிப்பான்? பாதியில எழுப்பிவிட்டா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போவீங்க. கடைசி சீன் பாத்தாத்தான் மறுநாள் வருவீங்க. நீங்க வந்தாத்தான் உங்க அப்பா டிபேஸ் கிளாசுக்கு ஃபீஸ் கட்டுவாரு.”

சேமித்து வைக்கலாமே என்று கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டேன். அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடம். அடுத்த பையன் சேமித்தால் முந்தையவனுடையது போச்சு. எனக்குப் பின்னால் எப்போதும் ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான், நாற்காலி முதுகைப் பிடித்தபடி.

பழைய ஆட்டங்களை மதிப்பிடுகிறவர்கள் ‘மூல வடிவில் ஆட வேண்டும்’ என்பார்கள். நானும் இரண்டாம் சுற்று முடிந்த கையோடு அப்படித்தான் எழுத இருந்தேன். எது மூல வடிவம்? மெக்னர் எழுதிய 60 நிமிடம் ஓர் ஆட்டம். அது நான் நினைத்ததைவிடக் கறாரானது, நியாயமானது, இன்றும் ஆடத் தகுந்தது. தஞ்சாவூரில் அரை மணி நேரத்தில், சாம்பல் நிறத்தில், ஆறு பையன்கள் மாற்றி மாற்றி ஆடிய ‘பிரின்ஸ் மெகாஹிட்’ வேறொரு ஆட்டம். அதை நான் முடித்திருக்கிறேன், பல தடவை. தாளில் எழுதியிருந்த பழைய தீர்ப்பில் அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை ஒரு வரிகூடத் தவறில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திரையின் நிறத்தை முழுக்க இறக்கினேன். கைபேசியில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்தேன். ‘பிரின்ஸ்’, ஓர் இடம், ‘மெகாஹிட்’, என்டர். ஷிப்ட்-எல் ஏழு தடவை. எட்டாம் தளம் வந்ததும் கையை எடுத்துவிட்டு ஒழுங்காக ஆட ஆரம்பித்தேன். எந்தக் குப்பியிலும் வாய் வைக்கவில்லை, பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. வழி கண்டுபிடித்து, காவலாளிகளை முடித்து, கதவுக்குள் போய் மாட்டிக்கொண்டு நிற்பதற்கும் அலாரம் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அலாரத்தை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். சுண்டெலி வந்தது. பலகையை மிதித்தது. கதவு ஏறியது.

“அரை மணி ஆச்சு, எழுந்திருங்கப்பா, அடுத்து நான்” என்றாள் மகள், நாற்காலி முதுகைப் பிடித்தபடி.